ஒரே டம்ளர், தனித்தனி ஊசி

போதை ஊசி போடறவங்களுக்குன்னு நடத்தற உங்க சென்டர் சுவத்துல பெருசா ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கீங்க. 'உன் ஊசி உனக்கு மட்டும்'. கலர்ல, படமெல்லாம் போட்டு, நல்லாத்தான் இருக்கு. உள்ள வரும்போது அதைப் பாத்துட்டு நான் சிரிச்சேன். உடனே இந்த கவுன்சிலர் பொண்ணு, "இன்னாம்மா, போஸ்டர்ல தப்பு ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டுச்சு. தப்பே இல்லம்மா. இதே வார்த்தைய நான் உன் வயசுல, நர்ஸா இருந்தப்போ, ஒரு வீட்டுக்குள்ள போய்ச் சொன்னேன். சொல்லி வாயை மூடல, வெளிய போன்னுட்டாங்க. அதை நெனச்சுதான் சிரிச்சேன்.

ஹெப்படைட்டிஸ் பத்தி உங்களுக்கு நான் வகுப்பு எடுக்க வேணாம். பி, சி எல்லாம் உங்களுக்கே தெரியும். ரத்தத்தை எடுத்தா சாயங்காலமே ரிசல்ட் சொல்றீங்க, பி-க்குத் தடுப்பூசி வச்சிருக்கீங்க, சி-க்கு மாத்திரையே வந்துடுச்சு. குடுத்து வச்சவங்க நீங்க. எங்க காலத்துல எல்லாமே மஞ்சக்காமாலைதான். கண்ணு மஞ்சளாச்சா, கீழாநெல்லி அரைச்சுக் குடி. கேக்கலியா, கையில சூடு போடு. அப்புறமும் கேக்கலன்னாதான் ஆஸ்பத்திரி. நான் சொல்ல வந்தது மருந்தைப் பத்தி இல்ல. சரியான விஷயத்தைக் கையில வச்சிக்கினு, அதைக் கேக்க வேண்டியவன் காதுல போட முடியாம முழிக்கறோம் பாருங்க, அதைப் பத்தி. பின்னாடி இருக்கற தம்பி, போனை உள்ள வைப்பா. இது போன்ல கெடைக்காது.

நான் ஸ்கெலட்டன்ல, தங்கச் சுரங்கத்து ஆளுங்க குடியிருப்புல பொறந்து வளந்தவ. எங்கப்பா சுரங்கத்துக்குள்ள டிம்பர் வேலை பாத்தாரு, பாறை சரியாம மரத்தை முட்டுக் குடுக்கற வேலை. எங்க ஆளுங்க நெறைய பேரு பௌத்தத்துக்கு மாறின காலம் அது, எங்க வீடும் மாறிச்சு. நான் நர்ஸ் படிப்பு முடிச்சிட்டு வந்து பக்கத்துலயே ஒரு ஆஸ்பத்திரியில ஆம்பளைங்க வார்டுல சேந்தேன். அறுபதுகள்ல நடந்தது இது. ஆஸ்பத்திரி பேரு வேணாம், அங்க வேலை பாத்தவங்க புள்ளைங்க யாராவது இங்கியே உக்காந்திருப்பீங்க.

அப்போ ஒரு பர்ஸ்ட் நடந்துச்சு. பர்ஸ்ட்டுன்னா, ஆழத்துல பாரம் தாங்காம பாறை தானே வெடிக்கறது. மேல எங்க வீட்டு அலமாரியில பாத்திரமெல்லாம் உருளும். பொம்பளைங்க அடுப்புல இருக்கறத அப்படியே போட்டுட்டு ஆளுங்க எறங்கற ஷாஃப்ட்டுக்கு ஓடுவாங்க. அந்தத் தடவை ஏழுமலை மேஸ்திரியும் அவர் கேங் ஆளுங்களும், மொத்தம் அஞ்சு பேரு, உள்ள மாட்டிக்கினாங்க. கல்லை எடுத்து வெளிய கொண்டு வர்றதுக்குள்ள எங்க எல்லாருக்கும் உசிரு போய் உசிரு வந்துச்சு. அஞ்சு பேருமே பொழைச்சாங்க. தாஸுக்குத் தொடை நசுங்கிப்போச்சு. மேஸ்திரிக்கு முதுகு. செல்வராஜுக்குத் தோள்பட்டை. இவன்தான் கேங்லயே சின்னவன், மேஸ்திரி பொண்டாட்டி சரோஜா அண்ணியோட கூடப்பொறந்த தம்பி. மத்த ரெண்டு பேருக்கும் எலும்பு முறிவு.

வலிக்குப் பெத்திடின் ஊசி போட்டோம். போடாம முடியாது, அந்த வலிய நீங்க பாத்திருக்கணும். நல்லாகி வீட்டுக்குப் போனாங்க, சுரங்கத்துக்கு மேல லேசான வேலை குடுத்தாங்க. எலும்பு கூடிச்சு, வலி மட்டும் போகல. வலி போகலியா, ஊசி போட்டா கெடைக்கற சொகத்தை உடம்பு மறக்கலியான்னு அவங்களுக்கே தெரியாது. பஜார்ல ஒரு பழைய கம்பவுண்டர் இருந்தான், கடை எதுவும் கெடையாது, வீட்டுக்குப் பின்பக்கம் வியாபாரம். அவன்கிட்ட மருந்தை வாங்கி, ஒரே ஒரு கண்ணாடி சிரிஞ்சை வச்சிக்கினு, ஷிஃப்ட் முடிஞ்ச பிறகு மேஸ்திரி வீட்டுல அஞ்சு பேரும் போட்டுக்க ஆரம்பிச்சிருக்காங்க. இதெல்லாம் எங்களுக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது.

முதல்ல வந்தது தாஸ். கண்ணு ரெண்டும் மஞ்சக் கெழங்கு நெறத்துல இருந்துச்சு. கீழாநெல்லி, சூடு எல்லாம் முடிச்சிட்டு வந்தான், முழங்கைக்குக் கீழ புண்ணு வேற. அவனைச் சேத்து கொஞ்ச நாள்ல அதே கேங்லருந்து இன்னொருத்தன். உடனே எல்லாரும் குழாயைப் பாத்தாங்க. அந்த ஆளுங்க குடியிருந்த மைசூர் மைன்ஸ் லைன்ல தண்ணி கெட்டுப்போச்சுன்னு பேச்சு. பிளீச்சிங் பவுடர் கொட்டினதுல சோறே நாறுதுன்னு பொம்பளைங்க சண்டைக்கு வந்தாங்க.

எங்க வார்டுக்கு ஒரு பெரிய டாக்டர் இருந்தாரு. கன்னடக்காரரு, தமிழ் நல்லாப் பேசுவாரு, ஆனா பேச மாட்டாரு. கேள்வி கேட்டுட்டு அப்படியே நிப்பாரு, நமக்குத்தான் கையும் ஓடாது காலும் ஓடாது. அவரு என்கிட்ட, "அந்தக் குழாயில தண்ணி புடிக்கற வீட்டுல குழந்தைங்களுக்கு வந்திருக்கா?"ன்னாரு. இல்லன்னேன். "பொம்பளைங்களுக்கு?" இல்ல. அப்புறம் தாஸ் கட்டில்கிட்ட போனாரு. சட்டைக் கையை மேல ஏத்திப் பாத்தாரு. முழங்கை மடிப்புல வரிசையா ஊசிக் குத்து, பழசும் புதுசுமா. நானும் பாத்துட்டேன். பக்கத்துக் கட்டில்காரன் எட்டிப் பாக்கறான். டாக்டர் ஒரு வார்த்தை கேக்கல. சட்டைக் கையை மெதுவா இழுத்து மூடி விட்டாரு, பட்டனையும் போட்டு விட்டாரு. எனக்கு அவரு எவ்வளவோ வைத்தியம் சொல்லிக் குடுத்திருக்காரு. அதுல பாதி மறந்துடுச்சு, அந்தப் பட்டனைப் போட்டது மட்டும் மறக்கல.

வெளிய வராந்தாவுல வச்சுச் சொன்னாரு. "இது தண்ணியில வர்ற காமாலை இல்ல. ரத்தத்துல வர்றது. ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போட்டா வரும். உள்ள போய் மாசக்கணக்குல ஒளிஞ்சிருந்துட்டு அப்புறம்தான் வெளிய தெரியும். இதுக்கு என்கிட்ட மருந்து கெடையாது. மத்தவங்க ஊசியைப் பங்கு போடறதை நிறுத்தணும்."

நான் அவசரக்குடுக்கை. "எச்சில் பட்டா வருமா டாக்டர்? டம்ளர், தட்டு?"ன்னு கேட்டேன்.

"தெரிஞ்ச வரைக்கும் அப்படி வரல. வீட்டுப் பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாம் அதே தட்டுலதானே சாப்பிடறாங்க? அவங்களுக்கு வரலியே."

அதுக்குள்ள சுரங்க ஆபீஸ்லருந்து ஒருத்தர் வந்து, என்னமோ ஊசிப் பழக்கம்னு கேள்விப்பட்டோம், யார் யாருன்னு பேரு வேணும்னு கேட்டுட்டுப் போனாரு. பேரு போச்சுன்னா வேலை போச்சு. வேலை போச்சுன்னா கம்பெனி குடுத்த லைன் வீடும் போச்சு. டாக்டர் என்னைப் பாத்து, "நீ இன்னா நெனைக்கற?"ன்னாரு. என் உத்தியோகத்துக்கு அவரு என்னைக் கேக்கணும்னே இல்ல. "பேரு போனா ஆளும் போயிடுவாங்க டாக்டர். எங்கியாவது போய் அதே சிரிஞ்சைத்தான் குத்திக்குவாங்க"ன்னேன். தலையை ஆட்டினாரு. "நான் போனா கதவைச் சாத்திடுவாங்க. நீ அந்த ஊர்ப் பொண்ணு. நீ போ"ன்னாரு.

பெருமை பிடிபடல எனக்கு. மறுநாளே முதல் ஷிஃப்ட் முடியற நேரமாப் பாத்து, வெள்ளை யூனிஃபார்மோட மைசூர் மைன்ஸ் லைனுக்குப் போய் நின்னேன். மேஸ்திரி வீட்டு வாசல்லயே சரோஜா அண்ணி என் கையைப் புடிச்சிக்கினாங்க. அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. "உங்கண்ணாவ என்னால தடுக்க முடியலம்மா. என் தம்பிய மட்டும் காப்பாத்திக் குடு. அவனுக்குக் கண்ணாலம் ஆயி வருசம் திரும்பல. எனக்குப் பொறந்த வூடுன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்"னு அழறாங்க. நான் இன்னமோ பெரிய இவளாட்டம், "நான் பாத்துக்கறேன் அண்ணி"ன்னுட்டு உள்ள போனேன்.

உள்ள மேஸ்திரி, செல்வராஜ், கேங்ல மிச்சம் இருந்த இன்னொருத்தர், மூணு பேரும் தரையில உக்காந்திருந்தாங்க. நடுவுல கெட்டில், பக்கத்துல ஒரு பெரிய பித்தளை டம்ளர். ஒரே ஒரு டம்ளர். மேஸ்திரி நல்ல ஆகிருதி, முதுகு அடிபட்டதுலருந்து கொஞ்சம் சாஞ்சுதான் உக்காருவாரு. "வாம்மா, டிம்பர்காரர் பொண்ணு. குந்து"ன்னு சொல்லி, அவரு குடிச்சிக்கினு இருந்த டம்ளர்லயே டீயை ஊத்தி எனக்கு நீட்டினாரு.

"வேணாம் அண்ணா, இப்பதான் குடிச்சேன்"ன்னேன்.

டம்ளரைக் கீழ வச்சுட்டாரு. நான் கவனிக்கல. எனக்கு என் வேலைதான் பெருசு. சிரிஞ்சு எங்க இருக்குன்னு கண்ணுல தேடறேன். கெட்டிலுக்குப் பின்னாடி ஒரு சோப்பு டப்பா, அதுதான்னு புரிஞ்சுது. ஊசியால வர்ற காமாலையைப் பத்தி எல்லாத்தையும் ஒப்பிச்சேன். "வெந்நியில கழுவறோமேம்மா"ன்னாரு மேஸ்திரி. கழுவினாப் பத்தாதுன்னேன். இந்தப் பழக்கத்தை இப்பவே விட முடியுதோ இல்லியோ, அது அப்புறம், முதல்ல ஒருத்தர் ஊசியை இன்னொருத்தர் தொடாதீங்க, உங்க ஊசி உங்களுக்கு மட்டும், தனித்தனியா வச்சிக்குங்கன்னேன்.

மேஸ்திரி மூஞ்சி மாறிப்போச்சு.

"தனித்தனியா?"ன்னாரு. "டம்ளரும் வேணாம்ன. இப்ப ஊசியும் தனியான்ற. வேற யாராவது சொல்லியிருந்தா போனாப் போறான்னு வுட்டுருவேன். நீ சொல்ற. எங்கப்பன் குடியாத்தத்துப் பக்கம் டீக்கடையில கொட்டாங்குச்சியில குடிச்சிட்டு, அதை அவரே கழுவி, கூரையில சொருவிட்டு வருவாரு. அந்தக் கொட்டாங்குச்சிய வுட்டுட்டுதான் சொரங்கத்துக்கு வந்தாரு. இங்க கேங்ல ஒரே டம்ளர், தெரியுமா உனக்கு? எவன் புதுசா வந்தாலும் அந்த டம்ளர்ல வாய் வச்ச பின்னாடிதான் அவன் எங்க ஆளு."

செல்வராஜ் ஏதோ சொல்ல வந்தான். மேஸ்திரி விடல.

"பர்ஸ்ட்ல மாட்டினப்போ எங்ககிட்ட ஒரே ஒரு தண்ணி கேன். கேன் மூடியில ஊத்தி, இருட்டுல ஒருத்தன் கையிலருந்து ஒருத்தன் கைக்குக் குடுத்தோம். எவனும் ரெண்டாவது வாட்டி வாய் வைக்கல. அதுல எவன் எச்சின்னு பாத்திருந்தா நாங்க இன்னிக்கு இங்க குந்திக்கினு இருக்க மாட்டோம். போம்மா. நல்ல மாதிரியா எழுந்து போயிடு."

எழுந்து வந்துட்டேன். லைன் முனை தாண்டற வரைக்கும் அடக்கிக்கினு, அப்புறம் நடுத்தெருவுலயே அழுதேன். கோவம், அவமானம், எல்லாம். எங்க தாத்தாவும் அதே கொட்டாங்குச்சியில குடிச்சவருதானே. என்னைப் போய் அந்தக் கடைக்காரனோட சேத்துட்டாரேன்னு வயிறு எரிஞ்சுது.

டாக்டர்கிட்ட போய்க் கொட்டினேன். முரட்டு ஜனங்க, சொன்னாப் புரியாது, எக்கேடோ கெட்டுப் போகட்டும்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "நீ சொன்னதுல ஒரு வார்த்தை தப்பு இல்ல. அவங்க காதுல இன்னா விழுந்துச்சு?"ன்னு கேட்டாரு.

கேட்டுட்டு அப்படியே நிக்கறாரு. எனக்குத்தான் பதில் தெரியுமே, சொல்ல மனசு வரல. தனி டம்ளர்னு விழுந்துச்சு. அதுவும் அவங்க நீட்டின டம்ளரை வேணாம்னு சொன்ன வாயிலருந்து விழுந்துச்சு.

இங்க கொஞ்சம் நிறுத்தி உங்களை ஒண்ணு கேக்கறேன். நீங்க எல்லாரும் படிச்சவங்க. ஊசியைப் பங்கு போடறவங்களைப் பாத்து அறிவு கெட்டவங்கன்னு நெனைக்கறீங்க, இல்ல? மூஞ்சியிலயே தெரியுது. அவங்க அறிவு கெட்டுப் போய் பங்கு போடல. பங்கு போடறதுதான் அவங்க உசிரைக் காப்பாத்தினது. அதே கை, அதே பழக்கம், இப்போ உசிரை எடுக்குது. ரெண்டையும் அவங்களால பிரிச்சுப் பாக்க முடியல. பிரிச்சுக் காட்டறதுதான் நம்ம வேலை. திட்டறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க.

தாஸுக்கு மோசமாயிக்கினே போச்சு. பகல்லயும் தூக்கம், எழுப்பினா ஏதோ பொருத்தம் இல்லாம பேசுவான், பொண்டாட்டியப் பாத்து யாருன்னு கேப்பான். கல்லீரல் கையை விரிச்சுடுச்சுன்னு எங்களுக்குத் தெரியும். மேஸ்திரிக்கு ஆளு விட்டாங்க. சாயங்காலம் பாக்க விடற நேரத்துக்கு மூணு பேரும் வந்தாங்க. என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி கட்டிலைச் சுத்தி நின்னாங்க.

மேஸ்திரி, "தாசு, நான்டா"ன்னாரு. தாஸ் கண்ணைத் தொறந்தான். அன்னிக்கு ஆளை அடையாளம் தெரிஞ்சுது அவனுக்கு. தண்ணி வேணும்னான். மேஸ்திரி அவன் தலையைத் தூக்கிப் புடிச்சு டம்ளர்ல தண்ணி குடுத்தாரு. பாதிதான் எறங்கிச்சு. மிச்சத் தண்ணி டம்ளர்ல நிக்குது. மேஸ்திரி நேரா என் கண்ணைப் பாத்துக்கினே அதுல ஒரு வாய் குடிச்சாரு. வேணும்னேதான். குடிச்சிட்டு டம்ளரை செல்வராஜ் பக்கம் நீட்டினாரு.

ஆயா கத்திட்டாங்க, "ஐயோ, காமாலைக்காரன் டம்ளருப்பா!"ன்னு. வார்டு முழுக்க திரும்பிப் பாக்குது. செல்வராஜ் கையை நீட்டிட்டான். மாமன் குடுக்கறாரு, அவன் எப்படி வாங்காம இருப்பான்? புடுங்கி ஊத்தினா அத்தோட முடிஞ்சுது, இந்த ஆளுங்க என் மூஞ்சியில முழிக்க மாட்டாங்க. விட்டா அந்தப் பையன் குடிச்சிடுவான். எச்சில்ல வராதுன்னு டாக்டர் சொன்னாரு, சரி. 'தெரிஞ்ச வரைக்கும்'னும் அவருதானே சொன்னாரு. சரோஜா அண்ணிக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்.

செல்வராஜ் கைக்குப் போறதுக்கு முந்தி டம்ளரை நான் வாங்கிட்டேன். புடுங்கிட்டான்னுதான் எல்லாரும் நெனச்சாங்க, மேஸ்திரி பல்லைக் கடிக்கறது தெரிஞ்சுது. நான் அந்தத் தண்ணிய மடமடன்னு குடிச்சிட்டேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. மிச்சம் இருந்தாத்தானே அவனுக்குப் போகும்.

குடிச்சிட்டு மேஸ்திரியைப் பாத்துச் சொன்னேன். "டம்ளர்ல இது வராதுன்னு பெரிய டாக்டர் சொல்றாரு. அவரை நம்பித்தான் குடிச்சேன். ஊசியில வருதுன்னும் அதே டாக்டர்தான் சொல்றாரு அண்ணா. அதை நீங்க நம்புங்க. டம்ளரு நம்ம எல்லாருக்கும் ஒண்ணாவே இருக்கட்டும். அன்னிக்கு நீங்க குடுத்த டீய நான் குடிச்சிருக்கணும். ரத்தம் மட்டும் வேணாம். இதோ தாஸ் அண்ணன் படுத்திருக்காரு பாருங்க."

மேஸ்திரி என்னையும் தாஸையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் என் கையிலருந்து காலி டம்ளரை வாங்கி, துண்டால தொடைச்சு, தாஸ் தலைமாட்டுல வச்சிட்டுக் கெளம்பிட்டாரு.

பெரிய டாக்டருக்கு விஷயம் போச்சு. என்னைக் கூப்பிட்டு எரிஞ்சு விழுந்தாரு பாருங்க, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவரு அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல. "நீ செஞ்சது நர்ஸ் செய்யற காரியமா?"ன்னாரு. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு, என்னைப் பாக்கும்போதெல்லாம் ஜன்னல்கிட்ட நிக்க வச்சு என் கண்ணைப் பாத்துட்டுத்தான் ரவுண்ட்ஸ் போவாரு. எனக்கும் பயம்தான், காலையில எழுந்ததும் கண்ணாடிதான். அதனால யாரும் நான் செஞ்சதைச் செய்யாதீங்க. உங்களுக்கு அது தேவைப்படாத மாதிரி முதல் நாளே நடந்துக்குங்கன்னுதான் சொல்றேன்.

தாஸ் அந்த வாரமே போயிட்டான். காரியம் முடிஞ்ச மறுநாள் மத்தியானம், நான் டிரெஸ்ஸிங் ரூம்ல இருக்கேன், மேஸ்திரி வந்து நின்னாரு. கையில அந்த சோப்பு டப்பா. மேசை மேல வச்சாரு. பின்னாடி செல்வராஜும் அந்த இன்னொருத்தரும். "இன்னா பண்ணணும், சொல்லும்மா"ன்னாரு.

டாக்டர் ஏற்கெனவே யோசிச்சு வச்சிருந்தாரு. கம்பவுண்டர் பக்கம் போகக்கூடாது. தெனம் ஷிஃப்ட் முடிஞ்சதும் இங்க வரணும், மருந்தை அவரு கண்ணு முன்னாடி குடுப்பாரு, கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சுக்கினே போவாரு. ஒவ்வொருத்தருக்கும் தனி சிரிஞ்சு, தனி ஊசி, எல்லாம் கொதிக்க வச்சது. ஆபீஸுக்கு, "என் நோயாளிங்களுக்கு நான் வைத்தியம் பாக்கறேன், அதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அதுக்கு அவரு என்ன பாடுபட்டாருன்னு எங்ககிட்ட சொன்னதே இல்ல.

தனித்தனின்னு நான் மறுபடியும் சொல்ல வாயெடுத்து நிறுத்திட்டேன். மேஸ்திரியே தன் ஆளுங்க பக்கம் திரும்பிச் சொன்னாரு. "டேய், இது டோக்கன் மாதிரிடா. கீழ எறங்கும்போது அவனவன் டோக்கனை அவனவன்தானே எடுக்கறான்? என் டோக்கனை நீ எடுத்துக்கினு போனா, யாரு மேல வந்தான், யாரு உள்ள கீறான்னு எவனுக்குத் தெரியும்? டம்ளரு எல்லாருக்கும். டோக்கன் அவனவனுக்கு. அவ்ளோதான்."

நான் அத்தனை நாளா மண்டையைப் பிச்சிக்கினு தேடின வார்த்தை. அவரு சுரங்கத்துலருந்து எடுத்துக் குடுத்துட்டாரு. அன்னிலருந்து ஒவ்வொரு சிரிஞ்சு டப்பாவுலயும் அவனவன் டோக்கன் நம்பரை எழுதி ஒட்டினோம்.

முதல்ல செல்வராஜை அனுப்பினாரு. அப்புறம் அந்த இன்னொருத்தர். கடைசியிலதான் மேஸ்திரி. தெனமும் அதே வரிசை. எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். அந்த இன்னொருத்தர் நடுவுல கம்பவுண்டர்கிட்டயே திரும்பிப் போயிட்டாரு, மேஸ்திரி போய் சட்டையைப் புடிச்சு இழுத்துக்கினு வந்தாரு. செல்வராஜ் நடுங்கிக்கினு, வேர்த்துக்கினு, சுவத்துல தலையை முட்டிக்கினு கெடந்த நாளெல்லாம் உண்டு. ஆனா கொறைஞ்சுது. கொறைஞ்சு கொறைஞ்சு ஒரு நாள் அவன் மருந்து கேக்காம டீ மட்டும் குடிச்சிட்டுப் போனான். ரெண்டாவதா ஆஸ்பத்திரிக்கு வந்தவனும் பொழைச்சு வீட்டுக்குப் போனான். ஜெயிச்சிட்டோம்னு நெனச்சேன்.

அப்புறம்தான் ஒரு மத்தியானம் மேஸ்திரி டிரெஸ்ஸிங் ரூம் வாசல்ல வெயில்ல வந்து நின்னாரு. அவரு கண்ணைப் பாத்தேன். அவரும் நான் பாக்கறதைப் பாத்தாரு. "ஆமாம்மா. நாலு நாளா சோத்தைப் பாத்தாலே குமட்டுது"ன்னாரு.

டாக்டர் முன்னமே சொன்னதுதான், உள்ள போய் ஒளிஞ்சிருந்துட்டு அப்புறம் தெரியும்னு. நாங்க கதவைச் சாத்தறதுக்கு முந்தியே அவருக்கு உள்ள போயிடுச்சு. எனக்கு அப்பவும் ஒண்ணு புரியல. அதே சிரிஞ்சுதானே, செல்வராஜும் அந்த இன்னொருத்தரும் எப்படித் தப்பிச்சாங்க? செல்வராஜையே கேட்டேன். அவன் அழுதுக்கினே சொன்னான். "வூட்டுலயும் கேஜ்ல ஏர்ற மாதிரிதான் சிஸ்டர். சின்னவன்தான் முதல்ல. மேஸ்திரி கடைசி. மேல வர்றப்போ எங்களையெல்லாம் கேஜ்ல ஏத்தி விட்டுட்டு மாமா கடைசியாத்தானே ஏறுவாரு? ஊசியும் அப்படித்தான். வெந்நியில கழுவினதும் முதல்ல எனக்கு, அடுத்தது அந்த அண்ணனுக்கு, அப்புறம்தான் தாஸ் அண்ணனுக்கு. எல்லாருக்கும் போட்ட பின்னாடி மாமா போட்டுக்குவாரு."

கேஜ்னா சுரங்கத்துல ஆளுங்களை ஏத்தி எறக்கற கூண்டு. எல்லார் ரத்தமும் தடவின ஊசியை நாளுக்கு நாள் அவருதான் வாங்கியிருக்காரு. டாக்டர்கிட்ட சொன்னேன். "இந்தப் பையன் தப்பிச்சதுல அதிர்ஷ்டமும் இருக்கு. ஆனா அந்த வரிசையும் இருக்கு"ன்னாரு.

மேஸ்திரி தாஸ் படுத்த அதே வார்டுல படுத்தாரு. தெனம் நான் டியூட்டிக்கு வந்ததும் ஒரே கேள்வி. "செல்வராஜ் கண்ணைப் பாத்தியாம்மா?" நான் போய் அவனை ஜன்னல்கிட்ட நிக்க வச்சு, கீழ் இமையை இழுத்துப் பாத்துட்டு வந்து சொல்லணும். வெள்ளையா இருக்கு அண்ணான்னா, "சரி"ன்னுட்டுக் கண்ணை மூடிக்குவாரு. அவரு ஷேவிங் பிளேடைக்கூட மச்சானைத் தொட விடல. ரத்தம் எங்கெல்லாம் இருக்கும்னு அந்த வார்டுல அவரை விடத் தெளிவா எவனும் புரிஞ்சிக்கல.

நெனவு தெளிவா இருந்த கடைசி நாள் அதே கேள்வி கேட்டாரு. டாக்டரும் பக்கத்துல நின்னாரு. "இனி செல்வராஜுக்கு பயம் இல்லன்னு டாக்டரே சொல்றாரு அண்ணா. மத்தவங்களும் நல்லா இருக்காங்க"ன்னேன்.

"அப்ப எல்லாரும் கேஜ்ல ஏறியாச்சு"ன்னாரு.

"நீங்க ஏற வேணாமா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மேஸ்திரி கடைசிதாம்மா"ன்னு சிரிச்சாரு.

பஞ்சசீலம் சொல்லி அடக்கம் பண்ணிட்டு எல்லாரும் லைனுக்குத் திரும்பினாங்க. நானும் போனேன், யூனிஃபார்ம் இல்லாம. அதே வீடு, அதே தரை. சரோஜா அண்ணி கெட்டிலைக் கொண்டு வந்து வச்சாங்க. செல்வராஜ் அந்தப் பித்தளை டம்ளர்ல டீ ஊத்தினான். எப்பவும் மேஸ்திரிதான் ஊத்துவாரு, இப்போ அவன். ஊத்தி, யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியாம ஒரு நிமிஷம் அப்படியே வச்சிக்கினு இருந்தான். அப்புறம் எனக்கு நீட்டினான். நான் ஒரு வாய் குடிச்சிட்டு அவன் கையிலயே குடுத்தேன். அவன் குடிச்சிட்டுப் பக்கத்துல இருந்தவருக்குக் குடுத்தான். சுத்தி வந்துச்சு.

போஸ்டரைக் கிழிக்கச் சொல்லல. இருக்கட்டும். ஆனா இன்னிக்கு மத்தியானம் ஒருத்தன் அந்தக் கதவைத் தள்ளிக்கினு வருவான். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டுக்கினு, உங்க கண்ணைப் பாக்காம நிப்பான். அவனுக்கு அதைப் படிச்சுக் காட்டறதுக்கு முன்னாடி உக்கார வச்சு ஒரு டீ குடுங்க. அந்தப் பேப்பர் கப் வேணாம். நீங்க குடிக்கற டம்ளர்ல குடுங்க.